தோள் பார்த்து எடுத்த ஏழு பேர்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். அங்கே அவளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார்கள். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை நாடா பிடித்தார்கள். உயரம் மட்டும் பார்த்தால் போதாதம்மா, கை நீளமும் பார்க்க வேண்டும் என்று அந்தப் பயிற்சியாளர் எனக்கு விளக்கம் சொன்னார். ஏதோ நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கிய வித்தை போல. வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வயதுக்காரர்களே, நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள். இந்த வித்தையை நான் சின்னக் காஞ்சிபுரத்தில், பாவாடை கட்டிய வயதில், நாடா இல்லாமல் நூலை வைத்துச் செய்துவிட்டேன். அளந்ததும் சும்மா ஆளை இல்லை. எங்கள் அண்ணனை.

இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருஷம் முன்பு அது. வைகாசி பிறந்தால் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீதியெல்லாம் தண்ணீர் தெளித்த மண் வாசனை, துளசி, தீவட்டி எண்ணெய்ப் புகை, யானை போன பாதையில் கிடக்கும் தழை. எங்கள் வீட்டில் மட்டும் இன்னொரு வாசனையும் உண்டு. நைனாவின் தோளுக்கு அம்மா காய்ச்சும் வேப்பெண்ணெய். நைனா என்றால் எங்கள் அப்பா. அவர் சாமி தூக்குகிறவர். பெருமாள் வாகனத்தின் தண்டில் முன்வரிசை வலது தோள் எங்கள் வீட்டுக்கு உரியது. தாத்தாவுக்கும் முந்தி அப்படித்தான்.

வாகனம் தூக்குவது பலத்தால் ஆகிற காரியம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பலமெல்லாம் அப்புறம். முதலில் தோள்கள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வரிசையில் ஒருவன் இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டால் மலை போன்ற பாரம் முழுக்க அவன் தோளில் இறங்கும். தாழ்ந்துவிட்டால் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் காற்றுப் போகும். அவன் வெறுமனே கூட நடந்து வருவான், ஊர் பார்க்கும். ஆகையால் ஆளை எடுக்கும் முன்பே தோளை ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று நைனாவிடம் ஒரு மூங்கில் கோல் இருந்தது. அதன் மேற்பக்கத்தில் ஒரு வெட்டு. ஆளைப் பக்கத்தில் நிறுத்துவார், வெட்டும் தோளும் ஒன்றாக வந்தால் தலையை அசைப்பார், வராவிட்டால் அடுத்த ஆளைப் பார்ப்பார். பேச்சே கிடையாது. பல தலைமுறைக் கை பட்டு அந்த மூங்கில் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. நைனாவுக்குப் பிறகு அது யார் வீட்டுக்குப் போயிற்று என்று தெரியவில்லை. இருந்தால் இன்றைக்கு என் வீட்டுக் கூடத்தில் சாத்தி வைத்திருப்பேன்.

அண்ணனுக்கு அந்த வருஷம் இருபது வயது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கூலிக்குத் தறி நெய்துகொண்டிருந்தான். கைச் சுத்தமான வேலைக்காரன் என்று பேர். ஆனால் அவன் குள்ளம். நைனாவின் மார்புக்கு வருவான், அவ்வளவுதான். அம்மாவின் உயரம் அவனுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு மூத்த பிள்ளை, தண்டுக்குப் போக வேண்டியவன். கோலில் நைனா அவனைக் கழித்துவிட்டார். முந்தின வருஷம் ஒரு நாள் துண்டை மடித்து மடித்துத் தோளில் அடுக்கி, தண்டுக்கு எட்டும்படி செய்துகொண்டு வரிசையில் நுழைந்தான். தேரடி திரும்பும்போது மடிப்புச் சரிந்தது. தண்டு ஒரு பக்கம் ஆடியது. பெருமாள் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீதி முழுக்க ஒரே மூச்சாக “ஹா” என்று எழுந்த சத்தத்தை அண்ணன் கேட்டான். அதற்குப் பிறகு அவன் தண்டின் பக்கம் போகவில்லை. உற்சவ நாட்களில் வீட்டைவிட்டே வெளியே வரமாட்டான்.

அவன் வெளியே வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் கைகள். ஆள் குள்ளம், கை மட்டும் நீளம். நின்றால் விரல் நுனி முழங்காலைத் தொடும். தெருப் பிள்ளைகள் குரங்குக் கை என்று கூப்பிடுவார்கள். அதனால் எங்கே நின்றாலும் இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டுதான் நிற்பான். பார்க்கிறவர்களுக்குத் திமிர் பிடித்தவன் போலத் தெரியும்.

கருட சேவைக்காகப் பெரியப்பா கோலார் தங்கவயலிலிருந்து லீவில் வந்திருந்தார். அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். கோட்டு, தொப்பி, பிஸ்கோத்து டப்பா, எல்லாம் உண்டு. அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவனை என்கிட்ட அனுப்பு சகலை. சுரங்கத்துல குள்ளமா இருக்கறவனுக்குத்தான் மவுசு. நெட்டையனுங்க எல்லாம் தலைய இடிச்சிக்கினு திரியறானுங்க” என்றார். நைனா உடனே சரி என்றார். ஆனி கடைசியில் லீவு முடிந்து கிளம்பும்போது கூட்டிப் போவதாகப் பேச்சு முடிந்தது. அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் கிணற்றடியில் எனக்குக் கால் கழுவத் தண்ணீர் இறைத்து ஊற்றும்போது அண்ணன் சொன்னான்.

“அங்க பகல்லகூட வானம் தெரியாதாம்.”

எனக்கு அது போதும். என் மூளை அன்றிலிருந்து ஓடத் தொடங்கியது. எதையும் சும்மா விடாத பிறவி நான். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

நைனாவுக்குப் பிள்ளைமேல் வெறுப்பு என்று நான் நினைத்தேன். இந்த வயதில் யோசித்தால் அப்படியில்லை. காலித் தோளோடு ஒருவன் எங்கள் தெருவில் ஆயுசு முழுக்க நடப்பதை அவரால் பார்க்க முடியாது. யாரும் அவனைத் தெரியாத ஊரில் அவன் நிம்மதியாக இருக்கட்டும் என்று எண்ணினார். பாசத்தில் செய்த தப்புக் கணக்கு. அப்பன்மார் போடும் கணக்குகளில் பாதி அந்த வகைதான்.

ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் வாயைத் திறந்தான். நான் ஏன் போகணும் என்று கேட்டான். நைனா சோற்றைப் பிசைந்தபடியே, இந்த ஊரில் உனக்கு ஓர் இடம் இருந்தால் இருந்துகொள், எனக்குத் தெரிந்து இல்லை என்றார். அப்போது தென்னேரி ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும் பேச்சு ஊரில் நடந்துகொண்டிருந்தது. சடுகுடு ஏழு பேரில் என்னை எடுங்க, அதில் நின்று காட்டுகிறேன் என்றான் அண்ணன்.

“கோலுக்கு வா” என்றார் நைனா.

தென்னேரி ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலாஜாபாத் தாண்டி அந்தப் பெரிய ஏரி இருக்கிறதே, ஆனியில் தண்ணீர் வற்றி ஒரு பக்கம் வெடித்துக் கிடக்கும். அதில் மணல் கொட்டிக் களம் போட்டு, தென்னேரிக்காரர்கள் எங்கள் தெருக்காரர்களை வருஷா வருஷம் சடுகுடுவுக்குக் கூப்பிடுவார்கள். மூன்று ஆட்டம். இரண்டு ஜெயித்தவர்களுக்கு ஒரு கிடா. கிடா எப்போதும் தென்னேரியிலேயே தங்கிவிடும்.

எங்கள் ஊரில் எதற்கு ஆள் எடுப்பதென்றாலும் நைனாவைத்தான் கூப்பிடுவார்கள். கல் தூக்க, தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட, எதற்கும். ஆகவே சடுகுடுவுக்கும் அவரே ஆள் எடுத்தார். எப்படி எடுத்தார் என்கிறீர்கள்? மூங்கில் கோலால். தெரிந்தது அதுதானே! மண்டபத்துக்கு முன்னால் இளவட்டங்களை நிறுத்தி, ஒவ்வொருவன் தோளாக வெட்டோடு ஒத்துப் பார்த்து ஏழு பேரைப் பொறுக்கினார். அந்த ஏழு பேரும் வரிசையாக நின்றால் தோள்மேல் ஒரு பலகையைப் போட்டு அதில் தண்ணீர்ச் சொம்பை வைக்கலாம், தளும்பாது. பார்க்க அத்தனை அழகு. ஊரே மெச்சியது. அண்ணனும் போய் நின்றான். வெட்டு அவன் தலைக்கு மேலே இருந்தது. நைனா அவனைப் பார்க்காமலே கோலை அடுத்த ஆளுக்கு நகர்த்தினார். பெற்ற பிள்ளையை ஒரே கோலால் இரண்டாம் தரம் தள்ளினார் என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே டிரில் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா ஒரு நாள், கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் ஒருவர் உயரம், சந்தேகமிருந்தால் வீட்டில் பாருங்கள் என்றார். எனக்குச் சந்தேகம் இருந்தது. அண்ணன் தறியடியிலிருந்து அறுந்த பட்டு நூலை அள்ளி வந்து தெருத் தெருவாக அளக்கக் கிளம்பிவிட்டேன். உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு நூல். விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு நூல். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றுபோல் இருக்கும், ஏறினாலும் இறங்கினாலும் கொஞ்சம்தான். பூக்கார அக்கா, உப்பு வண்டிக்காரர், வெல்ல மண்டி செட்டியார், எல்லாரும் சிரித்துக்கொண்டே கையை விரித்தார்கள். செட்டியாரின் வயிறு மட்டும் நூலோடு ஒத்துழைக்கவில்லை. சன்னதித் தெரு வாத்தியார் மாமா ஸ்நானம் பண்ணிவிட்டு வந்துகொண்டிருந்தார். “மடியா வரேன், மேல பட்டுடாதேடி. வேணும்னா என் நிழலை அளந்துக்கோ” என்றார். நான் நிழலையும் அளந்தேன். காலை நேரம், நிழல் பனைமரம் போல இருந்தது. அவருக்குப் பரம திருப்தி.

கடைசியாக அண்ணன். மாட்டேன் என்றான். கெஞ்சி, கிள்ளி, ஒருவழியாகக் கையை விரிக்க வைத்தேன். நூல் போதவில்லை. முடிச்சுப் போட்டு நீட்டினேன். இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்தபோது கை நூல் ஒரு சாண் கீழே தொங்கியது. ஒரு முழுச் சாண்! தெருவில் யாருக்கும் அப்படி இல்லை. நான் நூலைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன்.

அம்மா நூலைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். “உசுரோட இருக்கற ஆளை அளப்பாங்களாடி? பாடை கட்டத்தான் அளப்பாங்க” என்று முதுகில் ஒன்று வைத்தாள். பட்டு எரிந்தால் முடி கருகின நாற்றம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருந்தாலும் சமாசாரத்தை நைனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலை மென்றபடி நிதானமாகக் கேட்டார்.

“கை தூக்காதும்மா. தோள்தான் தூக்கும்” என்றார்.

சாமிக்குச் சரி. சடுகுடுவுக்கு? அதைக் கேட்கிற துணிச்சல் எனக்கு அன்றைக்கு இல்லை.

அந்த ஏழு பேரின் பயிற்சியைப் பார்க்க வேகவதி ஆற்று மணலுக்குத் தினமும் போவேன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஏழு பேரும் சின்ன வயதிலிருந்து வாகனம் தூக்கினவர்கள். ஒருவன் கால் எடுத்தால் மற்றவன் கால் தானாக எழும், அப்படிப் பழகின உடம்பு. பாடி வருகிறவன் வலப்பக்கம் சாய்ந்தால் ஏழு பேரும் சேர்ந்து இடப்பக்கம் ஒரே அடி வைப்பார்கள். அவன் திரும்பினால் இவர்களும் சேர்ந்து திரும்புவார்கள். ஒருவன் தனியாகப் பாய்ந்து காலைப் பிடிப்பது என்பது அவர்களுக்கு வரவே வராது. வரிசை கலைந்தால் பெருமாள் சாய்ந்துவிடுவாரே! பொடிப் பையன்கள் விளையாட்டுக்கு உள்ளே போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தார்கள். புதுசு, பழகிவிடும் என்றார் நைனா.

அவர்கள் போன பிறகு, எடுபடாத பையன்களைச் சேர்த்துக்கொண்டு அண்ணன் ஆடுவான். நான் கரைமேல் உட்கார்ந்து உத்தரவு போடுவேன். கை நீளமாக இருந்தால் போதும், எட்டித் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. முதல் நாளே கணக்குப் பிசகியது. நீட்டின கையை ஒருவன் மணிக்கட்டில் பிடித்தான், அவ்வளவுதான், கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி அண்ணனை இழுத்துப் போட்டார்கள். நீளக் கை பிடிக்கவும் தோது. நான் நகத்தைக் கடித்தேன். அண்ணன் மணலைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, தறியில் ஊடை ஓட்டும் நாடாக் கட்டையை எறிகிற மாதிரி கையை வீசினான். எறிந்த கை எறிந்த இடத்தில் நிற்காமல் அதே வேகத்தில் திரும்பி வந்தது. மறுபடி உள்ளே போனான். இந்தத் தடவை குனிந்து போனான். ஏற்கெனவே குள்ளம், குனிந்தால் மற்றவர்களின் இடுப்புக்குக் கீழே போய்விட்டான். கை மணலோடு மணலாக ஊர்ந்து ஒருவன் குதிகாலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. நெட்டையாக நிற்கிறவன் தன் மார்பைத்தான் காப்பான், கணுக்காலைக் காக்க மாட்டான். அவனைப் பிடிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், குனிவதற்குள் இவன் கோட்டைத் தாண்டியிருப்பான். கையும் நீளம், ஆளும் குள்ளம், இரண்டும் சேர்ந்துதான் வித்தை என்று எனக்கு அப்போது விளங்கியது. பாதி உண்மையைத்தான் நான் நூலில் பிடித்திருந்தேன்.

இது எதுவும் நைனா கண்ணில் படவில்லை. அவர் அந்நேரம் கோயிலில் இருப்பார்.

அந்த ஆட்டத்தில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. முதல் ஆட்டத்தை ஜெயித்த ஊருக்கு ஓர் உரிமை. தோற்ற ஊரின் ஏழு பேரில் ஒருவனை வெளியே அனுப்பிவிட்டு, அந்த ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் யாரைக் கை காட்டுகிறார்களோ அவனை உள்ளே இறக்கலாம். மாட்டேன் என்று சொல்ல முடியாது. கேலிக்காக ஏற்பட்ட வழக்கம். கிழவனை, நொண்டியை, தொந்திக்காரனைப் பார்த்துக் கை காட்டுவார்கள். அதனால் தென்னேரிக்குப் போகும்போது ஊரில் நோஞ்சான் ஒருவனும் கூட வரக் கூடாது என்பது சட்டம். அண்ணனும் வரக் கூடாது என்று நைனா சொல்லிவிட்டார். சொன்ன காரணத்தையும் மறைக்கவில்லை. உன்னைப் பார்த்தால் உன்னைத்தான் கேட்பான் என்றார்.

ஆனால் மாட்டு வண்டி ஓட்டுகிறவருக்கு அன்றைக்கென்று காய்ச்சல். அம்மாவும் நானும் சாப்பாட்டுக் கூடைகளும் போயாக வேண்டும். வேறு வழியில்லாமல் அண்ணன் வண்டியில் ஏறினான். வண்டியை விட்டு இறங்கவே கூடாது என்று உத்தரவு. விடியுமுன் கிளம்பினோம். மந்தாரை இலையில் கட்டின இட்லியின் மிளகு வாசனை, சுக்கு வாசனை, வைக்கோல் மேல் நான், பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பா. இன்னும் இரண்டு நாளில் ரயில் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணன் மாட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

ஏரிக்கு நடுவே களம். கரை முழுக்க ஆட்கள், கருவேல நிழலில் மோர்ப் பானை. எங்கள் ஏழு பேரும் எண்ணெய் மின்ன வரிசையாக இறங்கியபோது தென்னேரிக்காரர்களே வாயைப் பிளந்தார்கள். அவர்கள் ஆட்களோ ஒருவன் நெட்டை, ஒருவன் கட்டை, ஒருவன் ஒல்லிக்குச்சி. அவர்களுக்குத் தலைவன் பனைமரத்தில் பாதி இருப்பான். வாயும் அதே நீளம்.

ஆட்டம் தொடங்கினது தெரிந்தது, முடிந்தது தெரியவில்லை. எங்கள் வரிசை ஒன்றாக நகர்ந்தது, ஒன்றாகத் திரும்பியது, ஒன்றாக அவுட்டானது. “என்னாபா, சாமி ஊர்கோலமா? மேளக்காரன் எங்க?” என்று தென்னேரித் தலைவன் கேட்க, கரை முழுக்கச் சிரிப்பு. நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் ஓர் ஏரிக் கரையில் அப்படிச் சிறுத்து நின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கூட்டத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. என்னைத் தூக்கிக் காட்டு என்று அண்ணனை நச்சரித்தேன். அவன் மறந்தாற்போல வண்டியை விட்டுக் குதித்தான். என்னை நுகத்தடிமேல் ஏற்றி நிறுத்திவிட்டு, வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து நின்றான். அவன் தலை சக்கரத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். தென்னேரித் தலைவன் எங்கள் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஆள் தேடிக்கொண்டிருந்தான். வண்டிப் பக்கம் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“அந்தச் சுண்டைக்காய எறக்கு” என்றான்.

அவர்கள் கழித்தது எங்கள் ஏழு பேரில் திடமான ஆளை. நைனா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், வழக்கம் வாயை அடைத்தது. அம்மா வண்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார், ஊருக்குக் கிளம்புகிற மாதிரி. அண்ணன் வேட்டியை வரிந்து கட்டினான், மறுபடி கையைக் கட்டிக்கொண்டான், நடந்து போய்க் களத்தின் மூலையில் நின்றான்.

தென்னேரியில் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் பாடிக்கொண்டு வந்தான். நேராக அண்ணன் பக்கம் போனான். எட்ட நின்று, அடிக்கிற மாதிரி பாவனை செய்து பழிப்புக் காட்டினான். அத்தனை தூரத்தில் நின்றால் எந்தக் கையும் எட்டாது என்று அவனுக்கு நிச்சயம். கரை சிரித்தது. அப்போதுதான் அண்ணன் கட்டின கையை அவிழ்த்தான். பாடி வந்தவன் விழுந்ததைத்தான் நாங்கள் பார்த்தோம். கணுக்கால் அண்ணன் பிடியில் இருந்தது. சிரிப்பு வந்த வாயெல்லாம் அப்படியே திறந்து நின்றது.

அப்புறம் அண்ணன் பாடப் போனான். அவன் குரல் மெல்லிசு, “சடுகுடு சடுகுடு” என்பது கரைக்குக் கேட்டும் கேட்காமலும் இருந்தது. குனிந்து போனான். ஒருவன் குதிகால், இன்னொருவன் முழங்கால். கை போனது, வந்தது. தென்னேரிக்காரர்கள் பின்வாங்கினார்கள், அவர்கள் நின்ற இடம் போதவில்லை. இன்னும் பின்வாங்கினார்கள், கோட்டை மிதித்தார்கள். எங்கள் ஆட்களுக்கும் எங்கிருந்தோ உயிர் வந்தது. நடுவில் ஒருவன் மட்டம் தப்பி நின்றதால் அவர்களால் சேர்ந்து அடி வைக்க முடியவில்லை. தனித்தனியாக ஓட வேண்டியதாயிற்று, ஓடினார்கள், பிடித்தார்கள். இரண்டாவது ஆட்டம் எங்களுடையது.

தென்னேரித் தலைவன் வியர்வையோடு நைனாவிடம் வந்தான். நாங்கள் இறக்கின ஆளை நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம், உங்கள் பழைய ஆளையே விடுங்கள் என்றான். கரையில் பெரிய இரைச்சல். நைனா எழுந்து நின்றார்.

“குடுத்த ஆளைத் திருப்பிக் கேக்கறது தென்னேரி வழக்கமாபா? எங்க ஊர்ல இல்ல” என்றார்.

நைனா அண்ணனைத் தம் ஆள் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி என் வீட்டில் பேச்சை எடுத்தாலே பேரப்பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். உங்களால் ஓட முடியாது. இரண்டு பக்கமும் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அந்தப் பக்கம் தென்னேரித் தலைவன், இந்தப் பக்கம் அண்ணன். அண்ணன் பாடிக்கொண்டு போனான். தலைவன் முட்டாள் இல்லை, இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தானே. அவனும் குனிந்தான். அண்ணன் கை மணலில் ஊர்ந்து போனது. திரும்புவதற்குள் தலைவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்தான். எனக்கு வேகவதி மணல் கண்முன் வந்தது. முடிந்தது என்று கண்ணை மூடினேன். ஆனால் காதில் அந்த மெல்லிய சடுகுடு நிற்கவில்லை. கண்ணைத் திறந்தேன். இழுத்த கையை அண்ணன் திரும்ப இழுக்கவே இல்லை. அதை அவனிடமே கொடுத்துவிட்டான். அப்படியே மல்லாந்து மணலில் விழுந்து, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால், எங்கள் பக்கமாக எறிந்தான். அது போய்க்கொண்டே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கை போய்க்கொண்டே இருந்தது. ஒரு கை தென்னேரிக்காரன் பிடியில், மறு கையின் நடுவிரல் நடுக்கோட்டின் மேல். மூச்சு அப்போதும் அறவில்லை. கோட்டைத் தட்டித் தட்டி “சடுகுடு சடுகுடு” என்று சொல்லிக்கொண்டே கிடந்தான்.

கரையில் எழுந்த சத்தத்தில் எங்கள் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அம்மா அழுதாள், சிரித்தாள், யாரோ தெரியாத தென்னேரிப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள்.

தலைவன் அண்ணன் கையை விடவில்லை. தோற்ற கோபத்தில் முறுக்கப் போகிறானோ என்று பயந்தேன். அவன் அண்ணனை எழுப்பி நிறுத்தி, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தான். பனைமரத்தில் பாதி இருக்கிற ஆளின் கை, அண்ணன் கைக்கு விரற்கடை குறைவாக இருந்தது. அவன் சிரித்துவிட்டான். தன் ஆட்களைக் கூப்பிட்டான். அவர்களும் ஒவ்வொருவராகக் கையை வைத்துப் பார்த்தார்கள், எங்கள் ஆட்களும் வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஏரி முழுக்க ஆம்பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு, ஒருவனை ஒருவன் ஒத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இது யார் வீட்டுக் கைபா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான் தலைவன்.

யாரும் பதில் சொல்வதற்கு முன் நைனா களத்துக்குள் வந்தார். அண்ணன் பக்கத்தில் மணலில் மண்டியிட்டார். அவ்வளவு உயரமான மனிதர் மண்டியிட்டபோது இருவர் தோளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. தம் வலது கையை நீட்டி அண்ணன் கையோடு சேர்த்து வைத்தார். தோளுக்குத் தோள், முழங்கைக்கு முழங்கை, விரல் நுனிக்கு விரல் நுனி. ஒரு நூல் பிசகவில்லை. உயரமான ஆளிடம் நீளக் கை இருந்தால் யார் கவனிக்கிறார்கள்? நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனித்ததில்லை. நைனா அந்த இரண்டு கையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக் கைதான்” என்றார்.

பெரியப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தார். அப்போ நாளை மறுநாள் ரயிலுக்குப் பையன் என்று இழுத்தார். நைனா தலை நிமிரவில்லை. அண்ணன் கையில் ஒட்டியிருந்த ஏரி மண்ணைத் தம் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீ போய்ட்டு வா சகலை” என்றார்.